மிஷனரி கேமராவும் காங்கோ ரப்பரும்: ஒரு புகைப்படத்தை ஆதாரமாக வாசிப்பது

ஒரு வீட்டு வராந்தாவின் ஓரத்தில் ஓர் ஆப்பிரிக்கர் உட்கார்ந்திருக்கிறார். முகம் பக்கவாட்டில் தெரிகிறது. பின்னால் சிலர் நிற்கிறார்கள். அவருக்கு முன்னால் தரையில் இரண்டு சின்னப் பொருள்கள். முதல் பார்வையில் அவை என்னவென்று புரியாது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும்: ஒன்று குழந்தையின் கை, இன்னொன்று குழந்தையின் பாதம்.

அவர் பெயர் என்சாலா, ஊர் வாலா. அந்தக் கையும் பாதமும் அவருடைய மகள் போவாலியுடையவை. அவளுக்கு ஐந்து வயது இருக்கும். படம் எடுக்கப்பட்ட நாள் 1904 மே 14. இடம் காங்கோவில் பாரிங்கா என்ற மிஷன் நிலையம். எடுத்தவர் ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்ற ஆங்கிலேய மிஷனரிப் பெண்மணி.

மாணவர்களில் பலர் இந்தப் படத்தை ஏற்கெனவே வாட்ஸ்அப்பிலோ முகநூலிலோ பார்த்திருப்பீங்க. பெரும்பாலும் இரண்டு வரி விளக்கத்தோடு வரும், பகிர்ந்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவோம். இந்தக் கட்டுரையில் கொஞ்சம் நின்று பார்ப்போம். படிவம் 1 வரலாற்றிலேயே முதல்நிலை மூலம், இரண்டாம்நிலை மூலம் என்று படிக்கிறோம். சிங்கப்பூர் மாணவர்களுக்கு ஆதாரக் கேள்வி என்றாலே தனி நடுக்கம். ஒரு புகைப்படம் எப்படி முதல்நிலை மூலம் ஆகிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம், அது எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. அதோடு, இது ரப்பர் கதை. பால்மரத்தடியில் வளர்ந்த நமக்கு அந்நியமான கதை இல்லை.

முதலில் கேமரா எப்படி மிஷனரிகள் கைக்கு வந்தது என்பதைப் பார்த்துவிடுவோம்.

புகைப்படக் கலை 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த 20 ஆண்டுக்குள்ளேயே மிஷனரிகள் அதைக் கடல் கடந்து கொண்டுபோய்விட்டார்கள். லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் எல்லிஸ் 1850களில் மடகாஸ்கரில் படம் எடுத்தார். டேவிட் லிவிங்ஸ்டன் 1858இல் சம்பேசி ஆற்றுப் பயணம் கிளம்பியபோது அவருடைய தம்பி சார்லஸ் புகைப்படக்காரராகவே கூடப் போனார். ஆனால் அந்தக் காலத்து முறை சாமானியமானது இல்லை. கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் பிடித்து, உடனே கூடாரத்துக்குள் இருட்டில் கழுவ வேண்டும். வெப்பமண்டலத்தில் ரசாயனம் கெட்டுப்போகும், தண்ணீர் கலங்கலாக இருக்கும், பூச்சி வந்து ஒட்டும். முன்கூட்டியே தயாரித்த உலர்தகடு வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடாக் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஒரு சுருளில் 100 படம். இனி புகைப்படம் எடுக்க ரசாயன அறிவு தேவையில்லை என்றாகிவிட்டது.

மிஷனரிகளுக்குப் படம் எதற்கு? நேராகச் சொன்னால், காசுக்கு. ஊரில் இருக்கும் சபை மக்கள் மாதாமாதம் கொடுக்கும் காணிக்கையில்தான் வெளிநாட்டு ஊழியம் நடந்தது. கொடுக்கிறவர்களுக்கு, தங்கள் காசு எங்கே போகிறது என்று காட்ட வேண்டும். அதனால் மிஷன் படங்களில் ஒரு பழகிய வரிசை உண்டு. வேட்டியோ தழையோ கட்டிய பிள்ளைகள் ஒரு படத்தில், அதே பிள்ளைகள் சீருடையோடு சிலேட்டு பிடித்து நிற்பது அடுத்த படத்தில். தையல் வகுப்பு. புதிதாகக் கட்டிய ஆலயம். நடுவில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர், சுற்றி ஊர் மக்கள். கீழே தலைப்பில் வெள்ளைக்காரர் பெயர் மட்டும் இருக்கும். மற்றவர்கள் “சுதேசிகள்”.

எல்லாரும் அப்படியே என்று சொன்னால் அநியாயம். பேசல் மிஷன் ஆசிரியையான அன்னா வூர்மன் 1911 முதல் 1915 வரை கேமரூனின் ஃபும்பான் நகரில் எடுத்த படங்களைப் பாருங்கள். மன்னர் நிஜோயாவையும் அரண்மனைப் பெண்களையும் ஓவியர் ஒருவர் உருவப்படம் தீட்டுவதுபோல எடுத்திருக்கிறார். படத்தில் இருப்பவர் ஆள், வெறும் மாதிரி இல்லை. இன்று பேசல் மிஷன் ஆவணக் காப்பகமும், அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் நடத்தும் அனைத்துலக மிஷன் புகைப்படக் காப்பகமும் இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான படங்களை இணையத்தில் இலவசமாகத் திறந்துவைத்திருக்கின்றன. தரங்கம்பாடிப் பக்கம் ஊழியம் செய்த லைப்சிக் மிஷனின் படங்களும் அந்த அமெரிக்கக் காப்பகத்தில் உண்டு. சொந்த ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்க ஆசிரியர்களுக்கு நல்ல வேலை.

இனி காங்கோ.

1884-85 பெர்லின் மாநாடு தேர்வுக்கு வரும் பாடம்தான். அதில் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு, ஆப்பிரிக்காவின் நடுவே பெல்ஜியத்தைப்போல 70 மடங்குக்கும் மேற்பட்ட பரப்பைத் தன் சொந்த உடைமையாக்கிக்கொண்டார். கவனிக்க: பெல்ஜிய நாட்டின் உடைமை இல்லை, மன்னரின் தனி உடைமை. பெயர் “காங்கோ சுதந்திர நாடு”. அடிமை வாணிகத்தை ஒழிக்கிறேன், நாகரிகம் கொண்டுவருகிறேன் என்று சொல்லித்தான் உலக நாடுகளிடம் அனுமதி வாங்கினார்.

அப்போது ஐரோப்பாவில் ரப்பருக்குப் பெரும் பசி. 1888இல் டன்லப் காற்றடைத்த சக்கரத்தைக் கொண்டுவந்தார். சைக்கிள் மோகம், பிறகு மோட்டார் வண்டி, மின்கம்பிகளுக்கு உறை. காங்கோ காட்டில் ரப்பர் கொடிகள் தாமாகவே வளர்ந்து கிடந்தன. நம்ம பால்மரம்போல வரிசையாக நட்டு, மங்கு கட்டி, காலையில் போய் வெட்டுகிற கதை இல்லை அது. பெரிய மரங்களில் படர்ந்து ஏறும் கொடியைத் தேடிக் காட்டுக்குள் நாள்கணக்கில் போக வேண்டும். பக்கத்தில் இருந்த கொடிகள் தீர்ந்தால் இன்னும் தூரம். இந்த வேலையை யார் விரும்பிச் செய்வார்? அதனால் கட்டாயப்படுத்தினார்கள்.

ஏபிர் என்ற நிறுவனத்துக்குப் பாரிங்கா வட்டாரம் குத்தகையாக விடப்பட்டிருந்தது. வயதுவந்த ஒவ்வொரு ஆணும் 15 நாளுக்கு ஒருமுறை 3 முதல் 4 கிலோ உலர்ந்த ரப்பர் கொண்டுவர வேண்டும். கொண்டுவரும்வரை மனைவியைப் பிணையாகக் கட்டிவைப்பார்கள். குறைந்தால் சாட்டை. ஊரே மறுத்தால் துப்பாக்கியோடு காவலாள்கள் போவார்கள். காவலாள்களும் ஆப்பிரிக்கர்களே என்பதை மறைக்கத் தேவையில்லை. அவர்களை அனுப்பியதும் கணக்குக் கேட்டதும் ஐரோப்பிய அதிகாரிகள். அந்தக் கணக்குதான் விபரீதம். தோட்டாவை வேட்டைக்கு வீணாக்கவில்லை என்று காட்ட, சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு வலது கை. வேட்டையில் தோட்டா செலவானால், கணக்கை நேர்செய்ய உயிரோடு இருப்பவரின் கையை வெட்டியதும் உண்டு.

இதை முதலில் கண்ணால் பார்த்து எழுதியவர்களில் ஒருவர் வில்லியம் ஷெப்பர்ட். ஆப்பிரிக்க-அமெரிக்கர், பிரஸ்பிட்டேரியன் மிஷனரி. 1899இல் கசாய் பகுதியில் ஒரு முகாமுக்குள் போனவர், நெருப்பின் மேல் புகையில் வாட்டிக்கொண்டிருந்த வலது கைகளை எண்ணினார்: 81. அவரிடமும் கோடாக் கேமரா இருந்தது. பின்னாளில் ரப்பர் நிறுவனம் அவர்மேல் அவதூறு வழக்குப் போட்டது. 1909இல் லியோபோல்டுவில் நகரில் விசாரணை நடந்து விடுதலையானார். அவருக்காக வாதாட வந்தவர் பெல்ஜிய சோஷலிஸ்ட் தலைவர் எமில் வாண்டர்வெல்டே. மன்னரின் நாட்டுக்காரரே மன்னரின் நிறுவனத்துக்கு எதிராக, அதுவும் கடவுள் நம்பிக்கை இல்லாதவர் ஒரு மிஷனரிக்காக! வரலாறு இப்படியும் ஆள்களைச் சேர்த்துவைக்கும்.

ஆலிஸ் சீலி 1870இல் இங்கிலாந்தில் பிறந்தவர். லண்டனில் தபால் துறை அலுவலகத்தில் வேலை. 1898 மே மாதம் ஜான் ஹாரிஸைத் திருமணம் செய்துகொண்டு, நான்கு நாளில் காங்கோவுக்குக் கப்பலேறினார். இருவரும் காங்கோ-பலோலோ மிஷன் என்ற புராட்டஸ்டண்டு அமைப்பின் ஊழியர்கள். பள்ளி நடத்துவது, வேதம் கற்பிப்பது என்று போனவர்கள். கேமராவும் அதே வழக்கமான காரணத்துக்காகப் போனதுதான்: பூச்சி, பறவை, ஆறு, பள்ளிப்பிள்ளைகள், ஊருக்கு அனுப்ப அழகான காட்சிகள்.

இங்கே ஒரு விஷயத்தை மழுப்பாமல் சொல்ல வேண்டும். மிஷன்கள் பல ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. நிலையம் அமைக்க நிலம் வேண்டுமென்றால் மன்னரின் அரசிடம்தான் கேட்க வேண்டும். பகைத்துக்கொண்டால் அனுமதி போய்விடும். கொடுமைகளைக் கண்ட சில மிஷனரிகள் முன்பே எழுதினார்கள், ஆனால் தலைமையகங்கள் தயங்கின, அரசிடம் பணிவாக மனுப்போட்டுப் பார்த்தன. 1904க்குப் பிறகு வந்த துணிச்சலை மட்டும் பேசி, அதற்கு முந்தைய மௌனத்தை விட்டுவிட்டால் அது வரலாறு ஆகாது, பாராட்டுரை ஆகிவிடும்.

மே 14ஆம் தேதிக்கு வருவோம். ரப்பர் குறைந்த வாலா ஊருக்குள் ஏபிர் காவலாள்கள் புகுந்தார்கள். என்சாலாவின் மனைவியும் மகளும் கொல்லப்பட்டார்கள். மிச்சமாகக் கிடைத்ததை இலையில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் பாரிங்கா மிஷனுக்கு நடந்து வந்தார். ஏன் அங்கே வந்தார்? யோசிக்க வேண்டிய கேள்வி இது. காவலாளிடம் முறையிட முடியாது, அதிகாரி அவர்கள் பக்கம். அந்த வட்டாரத்தில் முறையீட்டைக் கேட்டு வெளியே சொல்லக்கூடிய ஒரே இடம் மிஷன் வீடு. அந்தப் பொட்டலம் ஒரு புலம்பல் மட்டும் இல்லை, ஒரு சாட்சியம். ஆதாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர் என்சாலா. ஆலிஸ் அதைத் தகட்டில் பதித்தார். “படத்தை எடுத்தவர் ஆலிஸ்” என்று எழுதும்போது, “ஆதாரத்தைக் கொண்டுவந்தவர் என்சாலா” என்றும் சேர்த்து எழுத மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

படம் தற்செயலாக அமைந்தது இல்லை. ஆலிஸ் அவரை வராந்தாவில் உட்காரவைத்து, கையையும் பாதத்தையும் முன்னால் வைக்கச் சொல்லி எடுத்தார். ஜான் ஹாரிஸ் தலைமையகத்துக்கு எழுதிய கடிதத்தில், இதைக் கண்ணாடி வில்லையாக்கித் திரையில் காட்டினால் எந்தக் கூட்டமும் கொதித்தெழும் என்ற பொருளில் எழுதினார். தந்தையின் முகம் எப்படி இருக்கிறது, சுற்றி நிற்பவர்களின் அதிர்ச்சி எப்படித் தெரிகிறது என்றெல்லாம் அந்தக் கடிதம் கணக்குப் போடுகிறது. இதைப் படித்ததும் சில மாணவர்கள் “அப்படின்னா பொய்ப் படமா சார்?” என்று கேட்பார்கள். இல்லை. உட்காரவைத்து எடுத்த படம் வேறு, நடக்காததை நடந்ததாகக் காட்டும் படம் வேறு. கொலை நடந்தது உண்மை, உறுப்புகள் உண்மை, தந்தை உண்மை. அமைப்பு மட்டும் திட்டமிட்டது. ஆதாரக் கேள்வியில் நம்பகத்தன்மையை ஆராயும்போது இந்த வேறுபாட்டை எழுதத் தெரிந்தால் விடை தரம் உயர்ந்துவிடும்.

அதே ஆண்டு மற்ற நிகழ்வுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக நடந்தன. பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்ட் 1903இல் காங்கோவின் உள்பகுதிகளில் பயணம் செய்து எழுதிய அறிக்கை 1904 தொடக்கத்தில் வெளியானது. ஆனால் வெளியுறவு அலுவலகம் அதிலிருந்த பெயர்களை எடுத்துவிட்டு எழுத்துக் குறிகளைப் போட்டு அச்சிட்டது. சாட்சி சொன்னவர் யார், எந்த ஊர் என்று வாசகருக்குப் புரியாது. பெயரும் முகமும் இல்லாத அறிக்கைக்குப் பக்கத்தில், பெயரும் முகமும் உள்ள படம் என்ன வேலை செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1904 மார்ச்சில் எட்மண்டு மொரெல் என்பவர் காங்கோ சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் கப்பல் நிறுவனத்தில் எழுத்தராக இருந்தவர். காங்கோவிலிருந்து கப்பல் நிறைய ரப்பரும் தந்தமும் வருகின்றன, இங்கிருந்து போவதோ பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவும். அப்படியானால் ரப்பருக்கு விலையாக எதைத்தான் கொடுக்கிறார்கள் என்று கணக்குப் புத்தகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவர் அவர். அவரிடம் எண்கள் இருந்தன. ஹாரிஸ் தம்பதியிடம் படங்கள் இருந்தன.

அந்தப் படங்கள் மக்களைச் சென்றடைந்தது மாயவிளக்கு வழியாக. இன்றைய மாணவர்களுக்கு “அந்தக் காலத்து புரொஜெக்டர்” என்று சொன்னால் போதும். கண்ணாடி வில்லையில் படம், பின்னால் பிரகாசமான விளக்கு, முன்னால் வெள்ளைத் துணி. தேவாலயத்திலோ நகர மண்டபத்திலோ ஜெபம், பாட்டு, பேச்சு, இடையிடையே படம். 60 படங்கள் கொண்ட தொகுப்பு, பேச்சாளர் வாசிக்க உரையோடு சேர்த்தே கிடைத்தது. முதலில் ஆறும் காடும் பிள்ளைகளும் வரும். கூட்டம் தளர்ந்து உட்கார்ந்திருக்கும்போது கையிழந்தவர்கள் திரையில் வருவார்கள். இறுதியில் தீர்மானம், காணிக்கை. காங்கோவிலிருந்து திரும்பிய ஹாரிஸ் தம்பதி முதல் இரண்டு ஆண்டுகளில் மட்டும் ஏறத்தாழ 600 கூட்டங்களில் பேசினார்கள். அமெரிக்கப் பயணம் ஒன்றில் 49 நகரங்களில் 200க்கும் மேற்பட்ட கூட்டங்கள். படம் வேகமாகப் போய்விட்டது, ஆள்தான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

1905இல் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன், லியோபோல்டு மன்னர் தனியாகப் புலம்புவதுபோல ஒரு நையாண்டி நூல் எழுதி, வருமானத்தைச் சீர்திருத்தச் சங்கத்துக்கே கொடுத்தார். அந்தப் புலம்பலில் மன்னர் அதிகம் பயப்படுவது கோடாக் கேமராவைப் பார்த்துத்தான். பத்திரிகைக்காரரை வாங்கிவிடலாம், பிரயாணியைப் பொய்யர் என்று சொல்லிவிடலாம், கேமராவை என்ன செய்வது என்பது அவர் கவலை. நூலுக்குள் என்சாலாவின் படமும் அச்சாகியிருந்தது.

மன்னர் தரப்பு சும்மா இருக்கவில்லை. ட்வைனுக்கு மறுப்பாக ஒரு வெளியீடு வந்தது, அதுவும் படங்களோடு. ரயில் பாதை, சுத்தமான தெரு, மருத்துவமனை, ஒழுங்காக நிற்கும் மக்கள். அந்தப் படங்களும் பொய் இல்லை பாருங்கள். ரயில் இருந்தது, தெருவும் இருந்தது. உண்மையான படத்தைக் கொண்டே உண்மையை மறைக்க முடியும் என்பதற்கு இது பாடம். இரண்டு தரப்பு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் கேள்வி ஒன்று தயாரித்தால் உயர்நிலை மாணவர்களுக்கு நல்ல பயிற்சி.

எபொண்டோ என்ற இளைஞரின் கதை இன்னும் சிக்கல். கையிழந்த அவருடைய படமும் இயக்கத்தில் பயன்பட்டது. காவலாள் வெட்டினான் என்பது அவர் கேஸ்மென்டிடம் சொன்னது. பிறகு அரசு தரப்பு அவரை விசாரித்து, காட்டுப்பன்றி கடித்ததால் கை போனது என்று வாக்குமூலம் வாங்கியது. “பார்த்தீர்களா, எல்லாமே கட்டுக்கதை” என்று மன்னரின் ஆதரவாளர்கள் அந்த ஒரு வழக்கைப் பிடித்துக்கொண்டார்கள். படம் கை இல்லை என்பதைக் காட்டும், கை எப்படிப் போனது என்பதைக் காட்டாது. அதைச் சொல்ல வாய்மொழிச் சாட்சியம் வேண்டும். அச்சமுள்ள இடத்தில் வாய்மொழி மாறும். இதேபோல மோலா என்ற இளைஞரின் படத்தில் இரண்டு கைகளும் இல்லை. ஆனால் வெட்டப்பட்டவை அல்ல. மிக இறுக்கிக் கட்டியதால் அழுகிப்போனவை. பக்கத்தில் நிற்கும் யோகாவின் கை வெட்டப்பட்டது. ஒரே படம், இரண்டு காரணம். தலைப்பு எழுதியவர் கவனமாக இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். இன்றைய இணையப் பகிர்வுகளில் பெரும்பாலும் அப்படித்தான் ஆகிவிட்டது.

படத்தில் வராதவையும் உண்டு. பிணையாகக் கட்டிவைக்கப்பட்ட பெண்களுக்கு நேர்ந்த கொடுமை சாட்சியங்களில் இருக்கிறது, திரையில் இல்லை. அதைக் காட்டவும் முடியாது, அந்தக் காலத்துச் சபைகளில் சொல்லவும் மாட்டார்கள். பட்டினியும் தூக்க வியாதியும் கொன்றவர்கள் குண்டுக்குப் பலியானவர்களைவிட மிக அதிகம். காட்டில் ரப்பர் தேடப் போனவர் பயிர் செய்ய முடியாது அல்லவா? மெதுவாக வரும் மரணத்துக்கு ஒரு நொடிப் படம் கிடைக்காது. செத்தவர்கள் ஒரு கோடி என்ற எண்ணை மாணவர்கள் அடிக்கடி எழுதுகிறீர்கள். கணக்கெடுப்பு நடக்காத காலம் அது. அந்த எண் பின்னாளைய மதிப்பீடு, அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எழுதும்போது “மதிப்பீட்டின்படி” என்ற சொல்லைச் சேர்த்துவிடுங்கள்.

நெருக்குதல் தாங்காமல் மன்னரே ஒரு விசாரணைக் குழுவை அனுப்பினார். மூன்று நீதிபதிகள், மூன்று வெவ்வேறு நாட்டவர். தான் நியமித்த குழு தன் பக்கம் நிற்கும் என்று நினைத்தார் போலும். 1904 இறுதியில் குழு பாரிங்காவுக்கு வந்தது. லொன்டுலு என்ற ஊர்த்தலைவர் வந்து நின்று, தான் கொண்டுவந்த குச்சிகளை மேசைமேல் வைத்தார். மொத்தம் 110 குச்சிகள். ரப்பருக்காகத் தன் மக்களில் கொல்லப்பட்டவர் ஒவ்வொருவருக்கும் ஒரு குச்சி. நீளமும் வேறுவேறு: தலைவர்கள், ஆண்கள், பெண்கள், குழந்தைகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னார். கேமரா இல்லாத ஒருவர் தயாரித்த ஆவணம் அது. என்னைக் கேட்டால் 60 கண்ணாடி வில்லைகளுக்குக் குறைந்தது இல்லை. 1905இல் வந்த குழுவின் அறிக்கை மன்னர் எதிர்பார்த்ததுபோல அமையவில்லை. மிஷனரிகள் சொன்னதில் பெரும்பகுதியை அது உறுதிசெய்தது.

1908 நவம்பரில் காங்கோ மன்னரின் கையிலிருந்து பெல்ஜிய நாட்டின் கைக்கு மாறியது. மாறுவதற்கு முன் பிரஸ்ஸல்ஸில் காங்கோ அலுவலக ஆவணங்கள் எட்டு நாள்கள் எரிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு லியோபோல்டு இறந்தார். எரிந்த தாள்களில் இருந்தவை போய்விட்டன. லண்டனில் இருந்த கண்ணாடித் தகடுகள் தங்கிவிட்டன. இன்று அவை அடிமைமுறை எதிர்ப்புச் சங்கத்தின் சேகரிப்பில் உள்ளன. 2014இல் லிவர்பூலின் அனைத்துலக அடிமைமுறை அருங்காட்சியகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. ஆலிஸ் 1970 வரை இருந்தார், 100 வயது. படம் உலகப் புகழ் பெற்றது. அவர் பெயர் பல ஆண்டுகள் கணவர் பெயருக்குப் பின்னால்தான் இருந்தது.

வென்றது கேமராவா? முழுவதும் அப்படிச் சொல்ல மாட்டேன். காட்டில் கொடிகள் தீர்ந்துகொண்டு வந்தன. ஏபிர் 1906இலேயே குத்தகையை அரசிடம் திருப்பிவிட்டது. அதைவிட முக்கியமாக, காட்டு ரப்பருக்குப் போட்டியாக வேறோர் இடத்திலிருந்து ரப்பர் வரத் தொடங்கியது. எந்த இடம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

1877இல் 22 பால்மரக் கன்றுகள் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்தன. 1888இல் சிங்கப்பூர்ப் பூமலைக்கு வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் வெட்டும் முறையை வகுத்தார். மலாக்காவில் டான் சே யான் 1896இல் தோட்டமிட்டார். 1905க்குப் பிறகு ரப்பர் விலை ஏற ஏற மலாயாவில் காடு அழிந்து தோட்டம் ஆனது. கங்காணி முறையிலும் ஒப்பந்த முறையிலும் தமிழர்கள் கப்பலேறினார்கள். 1910களின் நடுவில் தோட்ட ரப்பர் உலகச் சந்தையில் காட்டு ரப்பரை முந்திவிட்டது. காங்கோவில் கொடி தேடி ஓடுவது நின்றதற்கு, மலாயாவில் பெரட்டுக்கு எழுந்து நின்ற நம்ம தாத்தா பாட்டிகளும் ஒரு காரணம் என்பதை எந்தப் பாடநூலும் இப்படிச் சேர்த்துச் சொல்வதில்லை. இரண்டு இடத்துக் கொடுமையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. இங்கே கை வெட்டும் கணக்கு இல்லை. ஆனால் ஒரே சந்தை, ஒரே சக்கரத்துக்கான பசி.

அந்தக் காலத்து மலாயாத் தோட்டப் படங்கள் இருக்கின்றன. சிங்கப்பூரில் 1867இல் தொடங்கிய ஜி.ஆர். லாம்பர்ட் போன்ற புகைப்பட நிலையங்கள் தோட்டங்களையும் துறைமுகங்களையும் எடுத்து அஞ்சலட்டையாகவும் ஆல்பமாகவும் விற்றன. தொழிலாளர்கள் வரிசையில் நிற்பார்கள், கையில் வாளி இருக்கும். கீழே “தமிழ்க் கூலிகள்” என்ற ஒற்றைத் தலைப்பு. பெயர் இருக்காது.

வகுப்பில் செய்ய ஒரு வேலை. என்சாலாவின் படத்தைச் சின்ன வகுப்புகளுக்குக் காட்ட வேண்டாம், லொன்டுலுவின் குச்சிகளே போதும். படிவம் 4, 5 மாணவர்களுக்குக் காட்டும்போது என்ன வரப்போகிறது என்று முன்பே சொல்லிவிட்டுக் காட்டுங்கள். விளக்கம் எதுவும் கொடுக்காமல் ஒரு தலைப்பு எழுதச் சொல்லுங்கள். பிறகு யார் எடுத்தது, யார் கொண்டுவந்தது, எங்கே காட்டப்பட்டது என்ற மூன்று விவரங்களைக் கொடுத்து, அதே தலைப்பைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். அடுத்த வாரம் வீட்டிலிருந்து பழைய தோட்டப் படம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லலாம். லயத்து வாசலில் எடுத்ததோ, கோயில் திருவிழாவில் எடுத்ததோ, எதுவானாலும் சரி. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, படத்தில் நிற்கும் ஒவ்வொருவரின் பெயரையும் பின்பக்கம் பென்சிலால் எழுதிக்கொண்டு வரட்டும். பேனாவால் எழுதினால் மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.